பூமி எழுதும் தொடர்கதை

தொடர்கதை படிக்கிறவர்கள் எல்லோரும் அநுபவிக்கும் துன்பம் ஒன்று உண்டு. கதாநாயகி கிணற்றங்கரையில் தனியாக நிற்கிறாள். பின்னால் யாரோ வரும் காலடி ஓசை கேட்கிறது. அந்த இடத்தில் ஆசிரியர் 'தொடரும்' என்று போட்டுவிடுவார்! அப்புறம் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதுதான். அதற்குள் நீங்களும் அடுத்த வீட்டு மாமியும் மாடிப் படியில் நின்று எத்தனை யூகங்கள் செய்துவிடுகிறீர்கள்!

துருக்கி தேசத்தில் இப்படி ஒரு தொடர்கதை நடந்துகொண்டிருக்கிறது. அதை எழுதுவது பூமி. முதல் அத்தியாயம் 1939-ல் வந்தது. இதுவரை வந்த அத்தியாயங்களில் மாண்டுபோனவர்கள் ஐம்பதினாயிரத்துக்கும் மேலே. அடுத்த அத்தியாயம் எந்த இடத்தில் நடக்கக்கூடும் என்பது ஓரளவு தெரிந்திருக்கிறது. எந்த நாளில் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. அந்த இடத்துக்கு எதிரே ஒன்றரைக் கோடி ஜனங்கள் குடியிருக்கிறார்கள். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள், அடுப்பில் தேநீர் வைக்கிறார்கள், வாடகை ஏறிவிட்டதே என்று அங்கலாய்க்கிறார்கள். அந்த ஊரின் பெயர் இஸ்தான்புல்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன், கேளுங்கள்.

1939-ஆம் வருஷம் டிசம்பர் 27-ந் தேதி. கிழக்குத் துருக்கியில் எர்ஸின்ஜான் என்று ஓர் ஊர். கடுங்குளிர் காலம். எங்கு பார்த்தாலும் பனி. இரவு ஏறக்குறைய இரண்டு மணிக்கு, ஊர் முழுவதும் கம்பளிக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தபோது, பூமி குலுங்கிற்று. பொழுது விடிந்து பார்த்தால் ஊரே இல்லை. ஏறக்குறைய 33,000 பேர் இறந்துபோனார்கள். தரையில் 360 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கிழிசல்! ரயிலில் ஒரு பகல் பொழுது போகிற தூரம் அது. அந்தக் கிழிசலின் ஒரு பக்கத்து நிலம் மறு பக்கத்தைவிடச் சில இடங்களில் ஏழு மீட்டர் நகர்ந்துவிட்டது. பாதையும் வரப்பும் வேலியும் நடுவில் முறிந்து, பாதி இங்கே, பாதி அங்கே என்று கிடந்தன.

மூன்று வருஷம் கழித்து, 1942 டிசம்பரில், அந்தக் கிழிசல் முடிந்த இடத்துக்கு மேற்கே இன்னொரு பூகம்பம். 1943 நவம்பரில் அதற்கும் மேற்கே ஒன்று. 1944 பிப்ரவரியில் அதற்கும் மேற்கே. பிறகு பூமி கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டது. 1957-ல் ஓர் அத்தியாயம்; 1967-ல் ஓர் அத்தியாயம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய முந்தியது விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. கிழக்கேயும் நடுநடுவே சில நடுக்கங்கள் உண்டு. 1992-ல் அதே எர்ஸின்ஜானில் மறுபடியும் ஒரு பூகம்பம் வந்தது. ஆனால் பெரிய கதை மேற்கு நோக்கியே நடந்துகொண்டிருந்தது.

பூகம்பம் என்றால் எங்கோ ஓரிடத்தில் எப்போதோ வருவது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இது என்ன, தபால்காரர் வீடு வீடாக வருவதுபோல் வரிசையாக வருகிறதே!

இந்த வரிசைக்கு அடியில் ஒரே ஒரு நீண்ட பிளவு இருக்கிறது என்று கண்டு சொன்னவர் இஹ்ஸான் கெட்டின் என்ற துருக்கி நில இயல் பேராசிரியர். 1948-ல் அவர் எழுதிய கட்டுரையில், வடக்குத் துருக்கியைக் கிழக்கு மேற்காக அறுத்துக்கொண்டு போகும் ஒரு பெரும் பிளவின் இரு பக்கங்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகர்கின்றன என்று காட்டினார். வட அனதோலியப் பிளவு என்று அதற்குப் பெயர். நீளம் 1,200 கிலோமீட்டருக்குக் குறையாது. அதில் ஒரு வேடிக்கை. பிளவின் இந்தப் பக்கம் நின்று எதிர்ப் பக்கத்தைப் பார்த்தால், எதிர்ப் பக்கம் வலது கைப் பக்கமாக நகர்ந்திருக்கும். சரி என்று அந்தப் பக்கம் போய் நின்று இந்தப் பக்கத்தைப் பார்த்தால், இதுவும் வலது கைப் பக்கமாகவே நகர்ந்திருக்கும்!

அது ஏன் நகர்கிறது? இதற்கு விடை உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. ஊறப் போட்ட மொச்சையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பிதுக்கினால், பருப்பு வழுக்கிக்கொண்டு ஒரு பக்கமாக ஓடுகிறது அல்லவா? துருக்கி அந்த மொச்சைப் பருப்பு. தெற்கேயிருந்து அரேபியா நெருக்குகிறது. வடக்கே ஐரோப்பாவும் ஆசியாவும் சேர்ந்த பெருநிலம் அசையாமல் நிற்கிறது. நடுவில் அகப்பட்ட துருக்கி மேற்கே, கிரீஸ் தேசத்தின் பக்கமாக, வழுக்கிக்கொண்டு போகிறது. வேகம் வருஷத்துக்கு இரண்டு முதல் இரண்டரை சென்டிமீட்டர். நம் விரல் நகம் வளரும் வேகத்தைவிடச் சற்றுக் குறைவு. 1988 முதல் தேசமெங்கும் முளை அடித்து, செயற்கைக் கோள்களின் உதவியால் ஆண்டுதோறும் அளந்து பார்த்துச் சொன்ன கணக்கு இது.

"நகம் வளர்கிற வேகத்தில் நகர்ந்தால் யாருக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. எப்போதும் அந்த வேகத்திலேயே நகர்ந்தால் ஒரு கஷ்டமும் இல்லை. அந்தப் பிளவின் மேலேயே இஸ்மெத்பாஷா என்ற ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே 1957-ல் கட்டிய ஒரு சுவர், பூகம்பம் எதுவும் தாக்காமலேயே, ஓசைப்படாமல் நடுவில் விலகிக்கொண்டே போனதை விஞ்ஞானிகள் பின்னால் கவனித்தார்கள். பூமி அங்கே தன் நகர்ச்சியில் ஒரு பகுதியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து தீர்த்துக்கொள்கிறது. ஆனால் இது அபூர்வம். பிளவின் பெரும் பகுதியில் இரு பக்கத்துப் பாறைகளும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு, 'நகரமாட்டேன்' என்று முரண்டு பண்ணுகின்றன. கஷ்டம் அங்கேதான்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னப் பரீட்சை செய்து பாருங்கள். தையல் பெட்டியில் எலாஸ்டிக் நாடா இருக்குமே, அதில் ஒரு முழம் எடுத்து ஒரு செங்கல்லில் கட்டுங்கள். செங்கல்லைத் தரையில் வைத்துவிட்டு, நாடாவின் மறு நுனியைப் பிடித்துச் சீராக, மெதுவாக இழுங்கள். கை நகர்கிறது, நாடா நீள்கிறது, செங்கல் இருந்த இடத்தில் இருக்கிறது. இன்னும் இழுங்கள். இன்னும். திடீரென்று செங்கல் 'சரக்'கென்று ஒரு பாய்ச்சல் பாய்ந்து நிற்கும்! நாடா தளர்ந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து இழுக்க வேண்டும்.

பூகம்பம் என்பது அந்தச் 'சரக்'. கை என்பது தேசங்களைச் சுமந்துகொண்டு நகரும் பாறைத் தட்டு. நாடா என்பது பிளவின் இரு பக்கத்துப் பாறை. பாறையும் எலாஸ்டிக் போல வளையும், நிமிரும் என்றால் நம்பக் கடினம்தான். ஆனால் 1906-ல் அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரைப் பூகம்பம் அழித்த பிறகு, ஹாரி பீல்டிங் ரீட் என்ற பேராசிரியர் அந்தப் பிரதேசத்தின் பழைய நில அளவைகளையும் புதிய அளவையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பூகம்பத்துக்கு முன் பல வருஷ காலமாக நிலம் வளைந்துகொண்டே வந்திருந்தது. பூகம்பத்தன்று வில் நாணை விட்டதுபோல் நிமிர்ந்துவிட்டது. 1910-ல் அவர் எழுதி வைத்த இந்த விளக்கத்தின் மேல்தான் இன்று வரைக்கும் கணக்குப் போடுகிறார்கள்.

இனி ஒரு விஷயம் கவனியுங்கள். நாடா எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை நீங்கள் தையல் டேப் வைத்து அளந்துவிடலாம். கை என்ன வேகத்தில் போகிறது என்பதையும் சொல்லிவிடலாம். செங்கல் எந்த நொடியில் பாயும் என்று சொல்ல முடியுமா? பத்துத் தடவை செய்து பாருங்கள். பத்துத் தடவையும் வெவ்வேறாக இருக்கும். ஒரு தடவை சீக்கிரம் பாயும்; ஒரு தடவை நாடா அறுந்துவிடுமோ என்று தோன்றும் வரை பாயாது. விஞ்ஞானிகளின் நிலைமை இதேதான். ஜோசியர் தேதி சொல்லுவார். அவர்கள் சொல்லமாட்டார்கள். பூமிக்கு எவ்வளவு பாக்கி நிற்கிறது என்று மட்டும் சொல்லுவார்கள்.

ஆனால் வரிசையாக வரும் இந்தத் துருக்கிப் பூகம்பங்களைப் பார்த்தால், பாக்கிக் கணக்கோடு இன்னொன்றும் இருப்பது தெரிகிறது. கல்யாண வீட்டில் நனைந்துபோன பெரிய ஜமக்காளத்தை எட்டுப் பேர் வரிசையாகத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கை சோர்ந்து விட்டுவிட்டால் என்ன ஆகும்? அவர் சுமை அடுத்தவர் கையில் விழும். ஏற்கனவே கை வலித்துக்கொண்டிருந்தவரானால் அவரும் விட்டுவிடுவார். பிளவின் ஒரு துண்டு நழுவும்போது அதன் இறுக்கம் தீர்ந்து போகிறது. ஆனால் அந்தத் துண்டின் இரு நுனிகளிலும், இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் அடுத்த துண்டின் மேல் இறுக்கம் ஏறுகிறது.

இதைக் கம்ப்யூட்டரில் கணக்காகப் போட்டுப் பார்த்தவர்கள் மூன்று பேர்: ராஸ் ஸ்டைன், ஜேம்ஸ் டீட்டரிக் என்ற அமெரிக்கர்கள், அய்குத் பார்க்கா என்ற துருக்கியர். ஒவ்வொரு பூகம்பத்திலும் நிலம் எங்கே, எத்தனை மீட்டர் நகர்ந்தது என்ற அளவுகளை எடுத்துக்கொண்டு, 1939 முதல் 1992 வரை நடந்த பத்துப் பூகம்பங்களையும் வரிசையாக நடத்திப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது பூகம்பங்கள், அதற்கு முன்னால் நடந்தவை இறுக்கத்தை ஏற்றி வைத்த இடங்களில்தான் வந்திருந்தன! ஏறிய இறுக்கம் அப்படி ஒன்றும் பிரமாதமானதல்ல. மோட்டார் கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தில் பாதியிலிருந்து ஐந்து மடங்கு வரை, அவ்வளவுதான். ஆனால் பூமி தானாகச் சேர்த்திருந்தால் அதற்கு மூன்று முதல் முப்பது வருஷம் பிடித்திருக்கும். கை வலித்துக்கொண்டிருப்பவரிடம் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்தாலும் அதிகம்தானே!

அந்தக் கட்டுரை 1997-ல் வெளிவந்தது. இறுக்கம் ஏறியிருக்கும் இரண்டு இடங்களை அது குறிப்பிட்டது. கிழக்கே எர்ஸின்ஜானுக்கு அப்பால் ஓரிடம்: முப்பது வருஷத்துக்குள் பெரிய பூகம்பம் வர நூற்றுக்குப் பதினைந்து பங்கு வாய்ப்பு. மேற்கே இஸ்மித் என்ற துறைமுக நகருக்குத் தெற்கே ஓரிடம்: நூற்றுக்குப் பன்னிரண்டு.

நூற்றுக்குப் பன்னிரண்டு என்றால் ஏறக்குறைய எட்டில் ஒன்று. கவிழ்த்து வைத்த எட்டுக் கிண்ணங்களில் ஒன்றின் அடியில் தேள் இருக்கிறது என்று சொன்னால், நீங்கள் உங்கள் குழந்தையைக் கிண்ணம் தூக்க விடுவீர்களா? மாட்டீர்கள். ஆனால் அதையே "எண்பத்தெட்டுப் பங்கு ஒன்றும் வராது" என்று மாற்றிச் சொன்னால், யாரும் இருக்கிற வீட்டை இடித்துக் கட்ட மாட்டார்கள். இஸ்மித்தில் இருந்தவர்களும் மனிதர்கள்தானே!

விடியற்காலை மூன்று மணி

1999-ஆம் வருஷம் ஆகஸ்ட் 17-ந் தேதி. கோடைக் காலத்துப் புழுக்கமான இரவு. விடியற்காலை மூன்று மணியும் இரண்டு நிமிஷமும் ஆகியிருந்தது. இஸ்மித் வளைகுடாவின் கரையில் பிளவு நழுவிற்று. எல்லாம் ஒரு நிமிஷம்கூட இல்லை. 17,000-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்பது சர்க்கார் கணக்கு. கோல்ஜுக் என்ற ஊரில் கடற்படைத் தளத்தின் ஊடேயே பிளவு ஓடியது. கரையோரத்தில் ஒரு பகுதி கட்டிடங்களோடு கடலுக்குள் இறங்கிவிட்டது. இஸ்மித்தின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை தீப்பற்றி நாட்கணக்கில் எரிந்தது. பிளவின் இரு பக்கமும் சில இடங்களில் ஐந்து மீட்டர் விலகியிருந்தன.

எண்ணிக்கை நம்மைக் கலக்குகிறது. ஆனால் அங்கே போய் இடிபாடுகளைப் பார்த்த எஞ்சினியர்களைக் கலக்கியது வேறொன்று. ஒரே தெருவில், ஒரே நடுக்கத்தில், ஒரு வீடு விரிசலோடு நிற்கிறது. பக்கத்து வீடு ஐந்து மாடியும் அப்பளக் கட்டுப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துவிட்டது! கீழ் மாடியில் கடை வைப்பதற்காக நடுச் சுவர்களையும் சில இடங்களில் தூண்களையுமே எடுத்துவிட்ட கட்டிடங்கள். அனுமதிக்கு மேல் ஒரு மாடி இரண்டு மாடி ஏற்றியவை. கம்பியில் மிச்சம் பிடித்தவை. உடைந்த கான்கிரீட்டில் சிப்பி ஓடுகள் கிடைத்தன. கடற்கரை மணலைக் கழுவாமல் அப்படியே கலந்து கட்டியிருக்கிறார்கள். உப்பு உள்ளேயே இருந்து கம்பியை அரித்துவிட்டது. எத்தனை பெண்மணிகள் அந்த வீடுகளைத் தினமும் பெருக்கித் துடைத்துக் கோலாகலமாக வைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்! சுவருக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அதே வருஷம் நவம்பர் 12-ந் தேதி, இந்தப் புதிய கிழிசலின் கிழக்கு நுனியில் தூஸ்ஜே என்ற ஊரில் அடுத்த பூகம்பம் வந்தது. ஜமக்காளத்தில் பக்கத்தில் நின்றவரும் கையை விட்டுவிட்டார்.

அப்படியானால் 1997-ல் சொன்னது பலித்துவிட்டது என்று சொல்லலாமா? எனக்கு அப்படிச் சொல்லப் பிடிக்கவில்லை. பன்னிரண்டு பங்கு என்ற இடத்தில் இரண்டே வருஷத்தில் வந்தது. பதினைந்து பங்கு என்று அதைவிட அதிகமாகச் சொன்ன கிழக்கு மூலையோ இன்றைக்கும் இறுகிப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. இது பலிக்கிற வாக்கும் அல்ல, பொய்க்கிற வாக்கும் அல்ல. எந்தக் கிண்ணத்தை எடுக்கும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொல்கிற வாக்கு.

அடுத்த அத்தியாயம்

1999-ன் கிழிசல் மேற்கே போய் மர்மரா கடலுக்குள் முடிந்தது. அந்தக் கடலின் அடியில் பிளவு இன்னும் மேற்கே போகிறது. இஸ்தான்புல் நகரத்தின் தெற்கு விளிம்பிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் தூரத்தில் அது ஓடுகிறது.

இந்த நகரத்துக்குப் பூகம்பம் புதிதல்ல. ஹகியா ஸோபியா என்ற புகழ் பெற்ற கோவில் 537-ல் கட்டி முடிந்தது. அதற்கு இருபது வருஷம் கழித்து வந்த ஒரு பூகம்பத்தில் அடிபட்டு, 558-ல் அதன் பெரிய கும்மட்டம் இடிந்து விழுந்தது. இன்று யாத்திரிகர்கள் அண்ணாந்து பார்த்து வியப்பது அதற்குப் பிறகு எழுப்பிய கும்மட்டம். அதிலும் பிற்காலத்துப் பூகம்பங்களுக்குப் பலியாகித் திருப்பிக் கட்டிய பகுதிகள் உண்டு. 1509-ல் வந்த பூகம்பத்தை அந்த ஊரார் 'சின்னப் பிரளயம்' என்றே பெயரிட்டுச் சொன்னார்கள். 1766 மே மாதத்தில் வந்தது பாத்திஹ் மசூதியின் கும்மட்டத்தைத் தள்ளிவிட்டது. இஸ்தான்புல்லுக்கு எதிரே இருக்கும் கடலடிப் பிளவு கடைசியாகப் பெரிதாக நழுவியது அந்த வருஷத்தில்தான் என்று கருதுகிறார்கள். அதன் பிறகு இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீங்களே பெருக்கிப் பாருங்கள்!

பெருக்கிப் பார்த்தவர்கள் 2000-ல் சொன்ன எண் உலகத்தையே திடுக்கிட வைத்தது. ஸ்டைன், பார்க்கா கோஷ்டியோடு டாம் பார்ஸன்ஸ் என்பவரும் சேர்ந்து போட்ட கணக்கு அது: முப்பது வருஷத்துக்குள் இஸ்தான்புல் பலமாகக் குலுங்க நூற்றுக்கு அறுபத்திரண்டு பங்கு வாய்ப்பு, அதிலே கூடக் குறையப் பதினைந்து இருக்கலாம். கடலடியின் புதிய படங்கள் கிடைத்ததும், 2004-ல் பார்ஸன்ஸே கணக்கைத் திருத்தினார். எண் குறைந்தது. 'போன தடவை ஒன்று, இந்தத் தடவை ஒன்றா!' என்று முகம் சுளிக்க வேண்டாம். பால் கணக்கில்கூட மாதக் கடைசியில் திருத்தம் வருவதில்லையா? திருத்திய பிறகும் அது தூக்கம் கெடுக்கும் எண்ணாகவே இருந்தது.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. இஸ்மெத்பாஷா ஸ்டேஷன் சுவரை மறந்துவிடவில்லையே? கடலுக்கு அடியில் இருக்கும் பிளவும் ஒருவேளை அதே மாதிரி சத்தமில்லாமல் நகர்ந்து கடனைத் தீர்த்துக்கொண்டிருந்தால்? அப்படியானால் இவ்வளவு பயம் வேண்டியதில்லை. மர்மரா கடலின் மேற்குப் பக்கத்தில் அப்படி ஓரளவு நகர்வதாக அடையாளங்களும் இருந்தன. இஸ்தான்புல்லுக்கு எதிரே எப்படி? செயற்கைக் கோள் தரையில் அடித்த முளையை அளக்கும், கடலடியை அளக்காது. கரையில் நின்றுகொண்டு அளந்தால், அடுத்த அறையில் பேசுகிறவர்களின் பேச்சைச் சுவரில் காது வைத்துக் கேட்பது போலத்தான்.

ஆகவே ஜெர்மானிய விஞ்ஞானிகளும் பிரெஞ்சு, துருக்கி விஞ்ஞானிகளும் சேர்ந்து 2014-ல் ஒரு காரியம் செய்தார்கள். கடலில் 800 மீட்டர் ஆழத்தில், பிளவின் இரண்டு பக்கமும் பத்துக் கருவிகளை இறக்கி வைத்தார்கள். இருட்டிலே ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்வதுதான் அந்தக் கருவிகளின் வேலை. ஒன்று ஒலி எழுப்பும். மற்றொன்று பதில் கொடுக்கும். ஒலி போய்வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைக் கொண்டு, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை மில்லிமீட்டர் கணக்கில் சொல்லிவிடலாம். இரண்டரை வருஷம் இரவு பகலாக இப்படிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. ஆறரை லட்சம் அளவுகள் சேர்ந்தன. பிளவு நழுவிக்கொண்டிருந்தால் தூரம் மாறியிருக்க வேண்டும்.

தூரம் மாறவே இல்லை.

பிளவு அங்கே இறுகிப் பூட்டிக்கொண்டிருக்கிறது என்று 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். 1766 முதல் சேர்ந்த பாக்கி நான்கு மீட்டருக்குக் குறையாது. அது ஒரே மூச்சில் தீருமானால் 7.1 முதல் 7.4 வரை அளவுள்ள பூகம்பமாக இருக்கும்.

இதற்கிடையில் பூமி தொடர்கதையின் வரிசையையும் மீறிக் காட்டிவிட்டது. 2023 பிப்ரவரி 6-ந் தேதி, விடியற்காலை நாலே கால் மணிக்கு, துருக்கியின் தென்கிழக்கில் வேறொரு பிளவு நழுவிற்று. ஒன்பது மணி நேரத்தில் பக்கத்திலேயே இன்னொரு பெரும் பூகம்பம். துருக்கியில் மட்டும் ஐம்பதினாயிரத்துக்கு மேலான பேர், எல்லைக்கு அப்பால் ஸிரியாவில் ஆயிரக்கணக்கானவர்கள், உயிரிழந்தார்கள். இஸ்தான்புல்லையே பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் அது ஓர் அறை. அங்கேயும் அதே காட்சிதான்: நிற்கிற வீட்டுக்குப் பக்கத்தில் அப்பளக் கட்டு. விதிகளை மீறிக் கட்டிய கட்டிடங்களுக்குப் பணம் கட்டினால் பத்திரம் தருவது என்று 2018-ல் சர்க்கார் ஒரு மன்னிப்பும் வழங்கியிருந்தது. பணத்தை வாங்கிக்கொண்டு காகிதத்தைக் கொடுக்கலாம். தூணுக்குள் கம்பியைக் கொடுக்க முடியுமா?

பிறகு 2025 ஏப்ரல் 23-ந் தேதி. துருக்கியில் அன்று குழந்தைகள் தினம். தேசம் முழுவதும் விடுமுறை. மத்தியான வேளையில் இஸ்தான்புல்லுக்கு மேற்கே மர்மரா கடலுக்கு அடியில் 6.2 அளவுள்ள பூகம்பம் வந்தது. நகரம் ஆடிற்று. பெரிய கட்டிடச் சேதம் இல்லை. ஆனால் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். வீடு விழப் போகிறது என்று பயந்து ஜன்னலிலிருந்தும் மாடியிலிருந்தும் குதித்தவர்கள் அவர்களில் அநேகர். பூங்காக்களில் ஜனங்கள் இரவைக் கழித்தார்கள். "வந்தாயிற்று, இனிமேல் பயமில்லை" என்று பெருமூச்சு விட்டவர்களும் உண்டு. பாவம்! பூகம்ப அளவில் ஓர் எண் கூடினால் சக்தி ஏறக்குறைய முப்பது மடங்கு கூடும். ஆயிரம் ரூபாய்க் கடனில் முப்பது ரூபாய் கட்டினால் கடன்காரர் வாசலை விட்டுப் போய்விடுவாரா?

மூன்றாவது மாடிப் பாட்டி

இஸ்தான்புல் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 1999-க்குப் பிறகு கட்டிட விதிகளைக் கண்டிப்பாக்கினார்கள். வீடு வாங்கப் போகிறவர்கள் அங்கே கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, "தொண்ணூற்றொன்பதுக்கு முன்னால் கட்டியதா, பின்னால் கட்டியதா?" என்பது. 2000 முதல் பூகம்ப இன்ஷூரன்ஸ் கட்டாயம். சமையல் காஸ் குழாய்களில், பூமி பலமாக நடுங்கினால் தானாகவே அடைத்துக்கொள்ளும் கருவிகளை வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடங்களையும் ஆஸ்பத்திரிகளையும் வரிசையாகப் பலப்படுத்தி வருகிறார்கள். இதெல்லாம் சர்க்கார் செய்யக்கூடியவை. ஆனால் ஜனங்கள் குடியிருக்கும் லட்சக்கணக்கான பழைய அடுக்கு வீடுகளை என்ன செய்வது?

2012-ல் இதற்கு ஒரு சட்டம் வந்தது. ஆபத்தான கட்டிடம் என்று நிர்ணயமானால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். எப்படிக் கட்டுவது என்பதை உரிமையாளர்கள் கூடி முடிவு செய்ய வேண்டும்; மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் தேவை. 2023-க்குப் பிறகு, பாதிக்கு மேல் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். அடுக்கு வீட்டில் குடியிருக்கும் வாசகிகளுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் புது மோட்டார் வாங்குவதற்கே எத்தனை கூட்டம் போட வேண்டியிருக்கிறது! இது வீட்டையே இடிக்கிற விஷயம்.

அப்படி ஒரு கூட்டத்தை மனத்தில் கற்பனை செய்து பாருங்கள். ஆறு வீடு உள்ள ஒரு பழைய கட்டிடம். கீழ் மாடிக் கடைக்காரர் கடையை இரண்டு வருஷம் மூட முடியாது என்கிறார். முதல் மாடித் தம்பதிக்குக் கைக்குழந்தை. உடனே கையெழுத்துப் போடத் தயார். இரண்டாவது மாடிக்காரர் வெளியூரில் இருக்கிறார். வாடகை ஒழுங்காக வருகிறது, அவருக்கு என்ன அவசரம்? ஒருவருக்குப் புதிய வீடு பத்து சதுர மீட்டர் சின்னதாகிவிடும் என்ற குறை. ஒருவருக்குக் காண்டிராக்டர் மேல் நம்பிக்கை இல்லை. மூன்றாவது மாடியில் ஒரு பாட்டி. "எனக்கு எண்பது வயது. நான் போன பிறகு என்ன வேண்டுமானாலும் இடித்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் வாடகை வீட்டுக்கு எங்கே போவேன்?" என்கிறாள். அவள் சொல்வதைத் தவறென்று யார் சொல்ல முடியும்? கம்ப்யூட்டர் கொடுக்கிற எண் முப்பது வருஷத்துக்கான எண். பாட்டியின் கணக்கு வேறு.

மேஜைமேல் எஞ்சினியர் கொடுத்த அறிக்கை கிடக்கிறது. தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. இதுவரை மூன்று கையெழுத்து விழுந்திருக்கிறது. இன்னும் ஒன்று வேண்டும். முதல் மாடிப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மூன்றாவது மாடிப் படியை நோக்கி நடக்கிறாள்.